எல்வியின் வண்டிக்குப் புதுப் புகைக்குழாய்

எல்வி ராத்திகைனன் அந்த பிக்கப் வண்டியைத் தன் சொந்தச் சம்பளத்தில் வாங்கினாள். பள்ளிக்கூடச் சமையல்கட்டில் மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு உரித்துச் சேர்த்த காசு அது. “உனக்கு எதுக்கு இவ்ளோ பெரிய வண்டி?” என்று கேட்ட புருஷன், மறுவாரமே அதில் விறகு ஏற்றிக்கொண்டு வந்தான். அவன் போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று. வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், குளிர்காலம் முழுக்கப் பனி உருகச் சாலையில் உப்பைக் கொட்டி இரும்பைத் துருவாக்குகிற ஊரில், ஒரு வண்டி அத்தனை காலம் தாக்குப்பிடிப்பது லேசான காரியமில்லை. பிரேக், பெல்ட், ஆயில் எல்லாம் எல்வியே பார்த்துக்கொள்வாள். சைலன்சர் பக்கம் மட்டும் அவள் கை வைத்ததில்லை.

பக்கத்து வீட்டு லொரெய்ன் பெல்ட்டியேவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின், வாரம் மூன்று நாள் மார்க்வெட் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. கூட்டிப்போய்க் கூட்டிவருவது எல்வியின் வேலையாயிற்று. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முதல் நாள் காலை லொரெய்ன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தாள், அவ்வளவுதான்.

மார்ச் மாதம் பிறந்ததும் வண்டி உறும ஆரம்பித்தது. “டிராக்டர்ல போற மாதிரி இருக்குடி” என்று லொரெய்ன் கேலி செய்தாள். எல்வியும் சிரித்துக்கொண்டு, பனி உருகட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

ஒரு புதன்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் வந்திருப்பார்கள். பனி கொட்டியதால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஹீட்டரைப் போட்டிருந்தாள். லொரெய்னின் தலை மெல்லத் தொங்கியது. சிகிச்சை முடிந்தால் அவள் தூங்குவது வழக்கம்தான். ஆனால் எல்விக்கும் நெற்றிப்பொட்டில் ஆணி அடிப்பதுபோல் வலித்தது. சாலைக்கோடு இரண்டாகத் தெரிந்தது. வண்டிப் புகை உள்ளே வருகிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வண்டியை ஓரங்கட்டி, இரண்டு கதவையும் திறந்துபோட்டு, லொரெய்னை அக்குளில் கைகொடுத்து இழுத்துப் பனிமேட்டில் உட்கார வைத்தாள்.

லொரெய்ன் வாந்தி எடுத்தாள். பிறகு கண்ணைத் திறந்து, “ஏண்டி, என்னப் பனியில உக்கார வச்சிருக்க?” என்றாள்.

எல்வி அவள் வாயைத் துடைத்துவிட்டாள். குனிந்து வண்டிக்கடியில் பார்த்தாள். எஞ்சினிலிருந்து வரும் குழாய் சல்லடையாகியிருந்தது. அதற்கு நேர் மேலே, லொரெய்ன் கால் வைக்கும் இடத்தில், தரைத்தகட்டிலும் துரு ஓட்டை போட்டிருந்தது. புகை அந்த வழியாகத்தான் ஏறியிருக்கிறது. எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, பல் கிட்டிக்க ஆஸ்பத்திரிக்கே திரும்பினார்கள். இருவர் மூக்கிலும் பிராணவாயுக் குழாய் வைத்தார்கள்.

அவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தவன் ஆர்வோ, எல்வியின் கொழுந்தன். வழியெல்லாம் ஒரே பேச்சு.

“அண்ணி, அத நசுக்குற எடத்துக்கு அனுப்பிடுங்க. சைலன்சர் கடைக்காரன்கிட்ட கேட்டேன், கைய விரிச்சுட்டான். எஞ்சின்கிட்ட இருக்கற போல்ட்ட தொட்டாலே ஒடஞ்சிடும்ங்கறான்.”

“யாரு தொட்டா?”

“யாரு தொட்டாலும்தான்.”

“வெள்ளிக்கிழம ஒருநாள் நீ இவள கூட்டிட்டுப் போ, ஆர்வோ. திங்கக்கிழம நான்தான் ஓட்டுவேன்.”

பின்சீட்டிலிருந்து லொரெய்ன் சொன்னாள்: “அவகிட்ட வாய் குடுக்காதப்பா. ரோட்டப் பாத்து ஓட்டு.”

வண்டியை இழுவை வண்டி கொண்டுவந்து வீட்டில் விட்டது. எஞ்சினிலிருந்து வால்வரை புகைக்குழாய் முழு செட்டையும் எல்வி வாங்கி வந்தாள். சனிக்கிழமை காலை கொட்டகையில் வண்டியை ஜாக்கியால் தூக்கி, முட்டுக்கொடுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு அடியில் படுத்தாள். லொரெய்ன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கவிழ்த்த பெயின்ட் வாளிமேல் உட்கார்ந்து, கேட்ட ஸ்பேனரை எடுத்துக்கொடுத்தாள். கேட்காததையும் கொடுத்தாள்.

பழைய குழாய் ரம்பத்துக்கு வேலையே வைக்கவில்லை. பாதி அறுத்ததும் தானே ஒடிந்து விழுந்தது. துரு மழையாய்க் கொட்டியது. கண்ணாடி போட்டிருந்தும் எல்வியின் முகம் செங்கல் நிறமாகிவிட்டது. எஞ்சினோடு குழாயைப் பிடித்திருந்த மூன்று போல்ட்டுகள்தான் பாக்கி. முந்தின நாளிலிருந்தே எண்ணெயில் ஊறியவை. கேஸ் டார்ச்சின் சுடரால் சூடு காட்டியதும் ஒன்று கழன்றது. அடுத்தது முனகிக்கொண்டே வந்தது. மூன்றாவது ‘டப்’ என்றது.

“என்னடி சத்தம்?”

“ஒடஞ்சுபோச்சு.”

கடைக்காரன் சொன்னது சரியாகிவிட்டதே என்று நினைத்தாள் எல்வி. புதன்கிழமை வண்டியில் தொங்கிய லொரெய்னின் தலை நினைவுக்கு வந்தது. படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள்.

“மிச்சம் ஏதாவது வெளிய நீட்டிட்டு இருக்கா?” என்று லொரெய்ன் கேட்டாள்.

“நகத்தளவு.”

“அப்ப பிடிக்க எடமிருக்கு. மொதல்ல வெளிய வா. பேஸ்ட்டி ஆறிப்போகுது.”

இறைச்சியும் கிழங்கும் வைத்த அந்தப் பேஸ்ட்டியைத் துருக்கையோடு தின்றாள் எல்வி. வயிறு நிறைந்ததும் மூளை வேலை செய்தது. வீட்டுக்குள் போய் ஒரு மெழுகுவர்த்தி எடுத்து வந்தாள்.

“எதுக்கு, பிரார்த்தனைக்கா?”

“அதுவும் பண்ணு, சும்மாதான உக்காந்திருக்க.”

போல்ட்டின் மிச்சத்தைச் சிவக்கும்வரை காய்ச்சி, மெழுகைத் தொட்டாள். உருகிய மெழுகைத் திருகுமரை உள்ளே உறிஞ்சியது. ஆறவிட்டு, மறுபடி காய்ச்சி, மறுபடி தொட்டு, பூட்டுப் பிளையரால் நகத்தளவை இறுகக் கவ்வினாள். முன்னே ஒரு மயிரிழை, பின்னே ஒரு மயிரிழை. அவசரப்படவில்லை. பிள்ளைக்குப் பால்பல்லை ஆட்டுவதுபோல் ஆட்டினாள். தோள் மரத்துப்போன பிறகு, பிளையர் லேசாகச் சுற்றியது.

“வருது” என்றாள் மெதுவாக.

லொரெய்ன் எழுந்து நின்றுவிட்டாள். எல்வி வண்டிக்கடியிலிருந்து கையை நீட்டினாள். உள்ளங்கையில் கருகிய புழுமாதிரி அந்தப் போல்ட் கிடந்தது.

மறுநாள் தரைத்தகட்டு ஓட்டையைப் புதுத் தகடு வைத்து ரிவெட் அடித்து மூடினாள். பிறகு குழாய்களை முன்னாலிருந்து ஒவ்வொன்றாக மாட்டினாள். எதையும் இறுக்கவில்லை, எல்லாம் நேரானபின்தான் இறுக்கவேண்டும். பின் அச்சுக்கு மேலே வளைந்து போகிற குழாய்தான் படுத்தியது. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த ஆர்வோ, கால்சட்டைப் பையில் கைவிட்டபடி கொட்டகை வாசலில் நின்றான்.

“வேடிக்க பாக்க வந்தியா? அந்த முனையத் தூக்கிப் பிடி.”

“நல்ல பேன்ட் போட்டிருக்கேன், அண்ணி.”

“பேன்ட்தான நல்லது, நீயில்லயே” என்றாள் லொரெய்ன். ஆர்வோ முனகிக்கொண்டே மண்ணில் படுத்தான். ரப்பர் வளையங்களுக்குச் சோப்புத் தண்ணீர் தடவி எல்வி தள்ள, அவன் இழுக்க, குழாய் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

இன்னும் இறுக்காத புதுப் போல்ட்டைக் கழற்றி, ஒடிந்தது இருந்த ஓட்டையை அவன் டார்ச் அடித்துப் பார்த்தான். “மரையெல்லாம் அப்படியே இருக்கே. எப்படி எடுத்தீங்க?”

“கெஞ்சி எடுத்தேன்” என்றாள் எல்வி.

எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு, கொட்டகைக் கதவுகளை அகலத் திறந்துவைத்து எஞ்சினைக் கிளப்பினாள். பழைய உறுமல் போயே போய்விட்டது. ஆழமான ஒரு முணுமுணுப்பு, அவ்வளவே. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தார்கள். ஓரிடத்தில் குமிழி கிளம்பியது. ஒரு திருகு இறுக்கியதும் அதுவும் அடங்கியது. அதன்பிறகும் எல்விக்கு மனசு ஆறவில்லை. வீட்டுக் கூரையில் மாட்டியிருந்த விஷவாயு அலாரத்தைக் கழற்றி வந்து, கண்ணாடியை ஏற்றி, தான் மட்டும் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். அலாரம் வாயே திறக்கவில்லை.

திங்கட்கிழமை லொரெய்ன் ஏறி உட்கார்ந்தாள். கொஞ்ச தூரத்திலேயே தூங்கிவிட்டாள். எல்வி திரும்பி அவளைப் பார்த்தாள். காது கொடுத்தாள். கர்ர்ர் என்று நன்றாகக் குறட்டை விட்டாள் லொரெய்ன். அது கேட்கும் அளவுக்கு வண்டி அமைதியாக இருந்தது. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள். வண்டி சிணுங்காமல் ஏறியது. எல்வி தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, ஸ்டியரிங்கை இரண்டு தட்டுத் தட்டினாள்.

சிகிச்சை முடிந்து திரும்புகையில் லொரெய்ன் கேட்டாள்: “வீட்ல உனக்கு ஏதாவது வேல இருக்கா?”

“ஒண்ணுமில்ல. ஏன்?”

“அப்ப ஏரியச் சுத்திப் போடி. நேர் ரோட்டுல போனா சீக்கிரம் வீடு வந்துடும்.”

எல்வி இண்டிகேட்டரைப் போட்டு, ஏரிக்கரைச் சாலையில் வண்டியைத் திருப்பினாள்.