வரிக்குதிரையின் காதுகள்

மதியச் சாப்பாடு முடிந்தால் இத்தாலியின் இந்தப் பலேர்மோ நகரமே கண்ணயரும். எங்கள் வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, மட்டும் பீச் பழத்தைச் சீவிக்கொண்டு டிவியில் சிங்கம் பார்ப்பார். லிபெர்த்தா வீதி வீட்டில் நான் பராமரிக்கும், தொண்ணூறை நெருங்கும் இந்த மனுசிக்கு ஈயை அடிக்கக்கூட மனம் வராது. ஆனால் பெண்சிங்கம் வரிக்குதிரையின் கழுத்தைக் கவ்வினால் "பிராவா!" என்று கைதட்டுவார்.

ஊரில் இருக்கும் நீங்களும் சிங்கம் கர்ஜித்துக்கொண்டே பாயும் என்றுதான் நினைத்திருப்பீர்கள். பாய்ச்சல் கடைசியில்தான். சில பெண்சிங்கங்கள் சுற்றிப்போய்ப் பதுங்கும். ஒன்று வயிறு நிலத்தில் உரச நகரும். வரிக்குதிரை மேய்ந்தால் நகரும், நிமிர்ந்தால் அப்படியே உறைந்துவிடும். வரிக்குதிரையோ ஒரு காதை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் திருப்பி வைத்திருக்கும். அதைக் கண்டால், போர்க்காலத்தில் மடுப் பக்கம் பற்றைக்குள் நாங்கள் குடும்பமாகக் குப்புறக் கிடந்தது நினைவுக்கு வரும். ஷெல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அம்மா இப்படித்தான் காது கொடுத்துக் கிடந்தார். சிங்கத்தின் கட்சியில் என்னால் சேரவே முடியாது.

ஆனால் இந்தக் கோடையில் பதுங்கியது நான்தான். மன்னாரில் அம்மா விழுந்து, இடுப்பு முறிந்து, படுக்கையில் கிடக்கிறார். ஆகஸ்ட்டில் லீவு வேண்டும். அந்த மாதம்தான் சிஞ்ஞோராவின் மகனும் மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போய்விடுவார். கேட்க வாயெடுப்பேன், சிஞ்ஞோரா நிமிர்ந்து பார்ப்பார், "கோப்பி போடவா?" என்று மாற்றிவிடுவேன். கோபித்து வேறு ஆளைப் பிடித்துவிட்டால் வேலை போகும், வேலையோடு பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியும் ஆட்டம் காணும். இருப்புக் கொள்ளாமல் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுத் திரையில் வரிக்குதிரை தப்பிவிட்டது. சிங்கம் கொஞ்சத் தூரம் துரத்திவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு படுத்துவிட்டது.

"நீ இப்ப டிவியைப் பாக்கிறேல்லை, என்ரை முகத்தைத்தான் பாக்கிறாய்," என்றார் சிஞ்ஞோரா தன் இத்தாலியனில். "என்ன பசி உனக்கு?"

"அம்மாவைப் பாக்கப் போகவேணும், சிஞ்ஞோரா. ஆகஸ்ட்டில."

பழத்தைத் தட்டில் வைத்தார். "போ. மகனோட நான் கதைக்கிறன்." நன்றி சொல்லி எழும்பப் பார்த்தேன். என் மணிக்கட்டைப் பிடித்த கை விடவில்லை.

"எப்ப வருவாய்?"

"கெதியா வருவன்," என்றேன்.

அவர் உறங்கியதும் அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"பிள்ளை, எப்ப வாறாய்?"

"ஆகஸ்ட்டில வாறன், அம்மா."

அம்மா அழுதார், நானும் அழுதேன். பிறகு கேட்டார்: "இந்தமுறை வந்தால் இஞ்சையே நிண்டிடுவாய்தானே?"

உள்ளே சிஞ்ஞோரா இருமினார். ஒரு காதில் அம்மா காத்திருந்தார். மற்றக் காது அந்த அறைப் பக்கம் திரும்பியிருந்தது.