இடது சீட்டில் பூசணிக்காய்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஒரு சாம்பல் பூசணிக்காய் வாங்கி, காரின் இடது சீட்டில் வைத்தேன். நான் செய்த தப்பு அவ்வளவுதான். கார் கத்த ஆரம்பித்துவிட்டது. முதலில் மரியாதையாக டிங், டிங் என்றது. பிறகு பள்ளிக்கூட மணி மாதிரி விடாமல் அடித்தது. பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று திரையில் சிவப்பாக ஒரு மனித உருவம் வேறு. பக்கத்தில் இருப்பவரோ பவுடர் பூசிய முகத்தோடு நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு கம்மென்று உட்கார்ந்திருந்தார். பெங்களூர் வைட்ஃபீல்ட் சிக்னலில் வண்டிகள் எப்படியும் நகராது என்ற தைரியத்தில், எட்டி வளைந்து பூசணியின் இடுப்பைச் சுற்றி பெல்ட்டை மாட்டினேன். சத்தம் நின்றது. டிராஃபிக் போலீஸ்காரர் குனிந்து கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார்.

"ஏனு சார், ஃபேமிலியா?"

"ஃபேமிலி கோவிச்சுக்கினு மெட்ரோல போறாங்க சார்" என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். சொல்லியிருந்தால் அது ஜோக் இல்லை, வாக்குமூலம்.

பூசணியின் அந்தப் பச்சை வாசனை மூடிய காருக்குள் மெல்லப் பரவியது. எனக்குப் பழைய கார் ஞாபகம் வந்துவிட்டது. பழைய காரில் பூசணிக்காய்க்கு சீட் கிடையாது. கோமதியின் மடிதான். கோமதி என் மனைவி. அந்தக் காரில் இருந்தவை இரண்டே சீட்டுகள். ஒன்று எனக்கு, இன்னொன்று அவளுக்கு. தேங்காய், பழம், குடை, மழை எல்லாம் அவள் மடியில்தான்.

மழையை மடியில் வைத்துக்கொள்வதா என்று கேட்காதீர்கள். சிவப்பு நிறத்தில், தவளை உயரத்தில், கூரைக்குப் பதில் துணி மூடிய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் அது. என் கைக்கு வந்தபோதே அதற்கு மூன்று எஜமானர்கள் ஆகியிருந்தார்கள். துணிக்கூரை கோமதியின் தலைக்கு நேர் மேலே மட்டும் ஒழுகும். என் பக்கம் ஒரு சொட்டு விழாது. கார் என் கட்சி என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் சாயங்கால மழை வந்ததும் அவள் காருக்குள்ளேயே குடையை விரிப்பாள். அல்சூர் ஏரிக்கரையில் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துச் சிரிப்பார்கள். அவளும் குடைக்கு அடியிலிருந்து அவர்களுக்குக் கை காட்டுவாள், ஏதோ தேர்தலில் நிற்பவள் மாதிரி.

அந்தக் காருக்குள் ஒரு வாசனை உண்டு. பெட்ரோல், ஈர ரெக்சின், அவள் தலையின் கனகாம்பரத்தில் கலந்து கட்டிய மரிக்கொழுந்து, எப்போதோ கொட்டிய காபி. கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் நான் போட்ட பிரேக். இன்றைக்கு வரைக்கும் அவள் அதை மறக்கவில்லை.

ஆனால் சொல்ல வந்தது வாசனையை இல்லை, சத்தத்தை. டொக் என்று ஒரு சத்தம்.

கல்யாணமான புதிதில் ஆம்பூரிலிருந்து வந்த அவள் தம்பியை ஸ்டேஷனில் போய் அழைத்து வருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். கார் கிளம்பவில்லை. சாவியைத் திருகுகிறேன், ஒரு முனகல்கூட இல்லை. மர்பி டவுனில் எங்கள் வீட்டுச் சந்து முழுக்க வேடிக்கை பார்க்கிறது. "மச்சா, தள்ளவா? இல்ல தூக்கவா?" என்று நாலு பேர் கேட்டாயிற்று. கோமதி அதுவரை பொறுத்தாள். பிறகு, "இதுலாம் ஒரு வண்டின்னு வாங்கினு வந்தீங்களே" என்று டாஷ்போர்டில் ஒரு குத்து விட்டாள். டொக். அதே நொடி நான் சாவியைத் திருகியிருந்தேன். கார் சிங்கம் போல் கிளம்பியது. சந்தில் விசில் பறந்தது. நியாயமாக எனக்கு விழ வேண்டிய குத்து அது. கார் வாங்கிக்கொண்டது.

அன்றிலிருந்து அதுதான் முறை. அவள் இடது சீட்டில் உட்கார வேண்டும், அதே இடத்தில் குத்த வேண்டும், நான் திருக வேண்டும். நானே எட்டிக் குத்திப் பார்த்தேன், கைதான் வீங்கியது. சீட்டில் அரிசி மூட்டையை வைத்துவிட்டுக் குத்தினேன். அதற்கும் மசியவில்லை. ஈஜிபுராவில் பட்டறை வைத்திருந்த பாஷா பாயிடம் கொண்டுபோனேன். பாஷா பாய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே கோமதியிடம் போய்ப் பேசினார், என்னிடம் இல்லை.

"நக்கோ பஹன், வேணாம் தங்கச்சி, இதைத் தொட வேணாம். எந்த ஒயர் எந்த ஒயரைத் தொடுதுன்னு எனக்கே புரியல. நீங்க உக்காந்தா கீழ தகடு கொஞ்சம் எறங்குது, நீங்க குத்துனா மேல ஏதோ சேருது. நான் இதைச் சரி பண்ணா வேற நாலு எடத்துல போயிரும். நீங்களே குத்திக்கிங்க."

"அப்ப இவர் தனியா எங்கியும் போக முடியாதா?" என்று கேட்டாள்.

"முடியாது."

அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்ததும், பாஷா பாய்க்கு முன்கூட்டியே ஏதாவது பிரியாணி போய்ச் சேர்ந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். ரிப்பேர் வேலை அதோடு நின்றது.

ஆபீசுக்கு எனக்குக் கம்பெனி பஸ் இருந்தது. கார் ஞாயிற்றுக்கிழமைக்கு. வீட்டை வைட்ஃபீல்டுக்கு மாற்றிக்கொண்டு போன பிறகும் ஞாயிறு காலை மர்பி டவுன்தான். அங்கே என் அக்கா வீடு. அக்கா கையால் இட்லி, பாயா. போகிற வழியெல்லாம் இன்ஜின் சத்தத்துக்கு மேலே நானும் கோமதியும் கத்திக் கத்திப் பேசுவோம். வாரம் முழுவதும் போட வேண்டிய சண்டையை அவள் ஞாயிற்றுக்கு எடுத்து வைத்திருப்பாள். காருக்குள் எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது என்பது ஒரு வசதி. மாரத்தஹள்ளிப் பாலத்தில் சண்டை உச்சத்துக்குப் போகும். அல்சூர் வரும்போது சமாதானம். வழியில் வண்டி நின்றுவிட்டால் சண்டையும் அங்கேயே நிற்கும், ஏனென்றால் அடுத்த குத்து அவள் குத்தியாக வேண்டும். கார் நடுவில் நின்றால் எங்களுக்குள் எது நியாயம் என்பதே மாறிவிடும்.

பிறகு என் முதுகு வயசைக் காட்டியது. அந்தக் காரிலிருந்து இறங்குவது என்றால் முதலில் ஒரு காலை வெளியே எறிய வேண்டும், பிறகு உடம்பை உருட்டிவிட வேண்டும். அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் ஞாயிறுதோறும் கையைக் கொடுத்து இழுத்தார். "ஸ்வல்ப மெதுவா சார்" என்பார், பிரசவம் பார்ப்பவர் போல. உதிரி பாகமும் கிடைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தூக்கம் கெடுகிறது என்று அக்கம்பக்கத்துப் புகார் வேறு. விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னவன் நான்.

ஹாசன் பக்கத்துக் காபித் தோட்டக்காரர் ஒருவர் வாங்க வந்தார். ஓட்டிப் பார்க்க வேண்டுமே, அவர் சாவியைப் பிடிக்க, கோமதி பக்கத்தில் உட்கார்ந்து குத்தினாள். டொக். கிளம்பியது. அவர் மிரண்டுபோய் என்னைப் பார்த்து, "மேடமும் வண்டியோட வர்றாங்களா சார்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். லாரியில் ஏற்றும்போது கோமதி மட்டும் சிரிக்கவில்லை. அவள் வளையல் பட்டுப் பட்டு டாஷ்போர்டில் ஒரு சிறு குழி விழுந்திருந்தது. அதில் விரலை வைத்து ஒருமுறை தடவிவிட்டு மேலே போய்விட்டாள்.

புது காரும் ஸ்போர்ட்ஸ் கார்தான். சாம்பல் நிறம், முதுகை நோகடிக்காத உயரம். கூரை ஒழுகாது. சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு பட்டனை அழுத்தினால் போதும். உள்ளே அவ்வளவு அமைதி என்பதால், இன்ஜின் உறுமுவதை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுகிறார்கள். நான் முதல் நாள் அதை நம்பி, "ஆஹா, என்ன இன்ஜின்!" என்று சத்தத்தைக் கூட்டச் சொல்லி ரசித்தவன்.

அடுத்த ஞாயிறு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

காலையில் இருவரும் கீழே வந்தோம். "குடை எடுத்துக்கினு வந்துர்றேன்" என்று கோமதி திரும்பினாள். ஒழுகாத காருக்குக் குடை எதற்கு? பழக்கம். நான் உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். கிளம்பிவிட்டது. கிளம்பிய காரில் கோமதி இருந்தே தீர வேண்டும் என்பது என் மூளையில் இருபது வருஷத்துக்கு மேலாக எழுதி வைத்த சட்டம். இடது பக்கம் திரும்பிப் பார்க்கும் பழக்கமே எனக்குக் கிடையாது. திரையைப் பார்த்துக்கொண்டே போய்விட்டேன்.

வெறுமனே போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பேசிக்கொண்டே போனேன். மேனேஜரைப் பற்றிச் சொன்னேன். தீபாவளிக்கு ஆம்பூர் போக வேண்டாமே என்று ஆரம்பித்து, பதில் வராததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குத் தாவினேன். மாரத்தஹள்ளிப் பாலத்தில் சண்டை வரவில்லை. புது கார் வந்த நேரம், இவள் குணமே மாறிவிட்டது என்று பூரித்துப்போனேன்.

அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "கோமதி எங்கடா?"

"வண்டில இருக்கா."

அக்கா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். "எந்த வண்டிலடா?"

பார்த்தேன். இடது சீட் பளபளவென்று காலியாக இருந்தது. "தீபாவளிக்கு ஆம்பூர் வேணாம்னு இப்பதானே அவகிட்ட சொல்லிக்கினு வந்தேன்" என்று அக்காவிடம் உளறினேன். முதலில் அவள் வழியில் எங்கோ விழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன். பின் கதவு இருக்கிறதா என்று தேடினேன். டிக்கியைக்கூடத் திறந்து பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள். அக்கா சிரிக்கவில்லை. "பொண்டாட்டிய மறந்துட்டு வரதுக்கா புது வண்டி வாங்கினே?" என்று கையிலிருந்த கரண்டியை ஓங்கினாள்.

போன் செய்தேன். "சொல்லுங்க சார்" என்றாள் கோமதி. சார் என்றால் விஷயம் பெரிது.

"கோமதி, வந்து... வண்டி தானா கெளம்பிடுச்சி."

"கெளம்பட்டும் சார். இனிமே நான் எதுக்கு? அதான் பட்டன் இருக்கே."

அந்த ஞாயிறு அவள் மெட்ரோவில் வந்தாள். அடுத்த ஞாயிறும் மெட்ரோ. அதற்கடுத்ததும். நான் காரில் தனியாகவும் அவள் ரயிலிலுமாக, ஒரே வீட்டிலிருந்து ஒரே இட்லிக்குப் போய்க்கொண்டிருந்தோம். கேட்டால், "மெட்ரோல கதவை மூடறதுக்கு முன்னாடி சொல்லிட்டு மூடறாங்க" என்றாள். கெஞ்சினேன், ஜோக் அடித்தேன், காலில் விழுவதுபோல் குனிந்து முதுகு பிடித்துக்கொண்டு நிஜமாகவே எழ முடியாமல் கிடந்தேன். தைலம் தேய்த்துவிட்டாள், காரில் மட்டும் ஏறவில்லை. எங்களுக்குள் சண்டையே இல்லாமல் போயிருந்தது. சண்டை போட எங்களுக்கு வேறு இடம் தெரியாது.

இப்போது பெல்ட் போட்ட பூசணியைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு பூசணிக்காய்க்கு அந்தக் கத்துக் கத்தும் கார், கோமதியை விட்டுவிட்டுக் கிளம்பியபோது ஒரு டிங் கூடச் சொல்லவில்லை பாருங்கள். அந்த ஆத்திரத்தில்தான் யோசனை பிறந்தது.

மறுநாள் பூஜை. அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் வரிசையாகக் கார்கள், மாலை, குங்குமம், வாழைக்கன்று. கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு, தேங்காய் எடுக்கிற சாக்கில் மேலே போனேன். கோமதி பூ வைத்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் கார் சாவியைத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் புதைத்துவிட்டுக் கீழே ஓடி வந்தேன். பட்டனை அழுத்தினேன். சாவி காணவில்லை என்று திரை சொன்னது. அந்தக் கார் வாங்கியதிலிருந்து அதன்மேல் எனக்குப் பாசம் வந்தது அப்போதுதான்.

போன் போட்டேன். "கோமதி, ஸ்டார்ட் ஆவல."

"பட்டனை அமுத்துங்க."

"அமுத்திட்டேன். நீ வந்து ஒரு குத்து குத்தினா..."

"வாட்ச்மேனைக் குத்தச் சொல்லுங்க."

போன் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து லிஃப்ட் கதவு திறந்தது. கற்பூரத் தட்டோடு வந்தாள். காருக்கு ஆரத்தி சுற்றினாள். பூசணியைச் சுற்றி என் கையில் கொடுத்தாள், உடைத்தேன். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். பிறகு வந்து இடது சீட்டில் உட்கார்ந்தாள். வலது கையை மடக்கி டாஷ்போர்டில் ஒரு குத்து விட்டாள்.

"அமுத்துங்க."

கிளம்பாது என்று எனக்குத் தெரியும். சாவி பருப்புக்குள் இருக்கிறது. நடிப்புக்காக அழுத்தினேன்.

கார் கிளம்பிவிட்டது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவள் கையில் ஏதோ இருக்கிறது என்று பாஷா பாய் காலத்திலிருந்து எனக்கு இருந்த பயம் உறுதியாயிற்று. இருந்தது உண்மைதான். இடது கையை விரித்துக் காட்டினாள். சாவி. அதன் இடுக்கில் ஒரு பருப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"சாவியப் பருப்புல போட்டா சாம்பாருக்கு நான் எதைப் போடறது? எடுங்க வண்டிய. தீபாவளிக்கு ஆம்பூர் போகவேணாம்னு காலி சீட்டுகிட்ட சொன்னீங்களாமே, அக்கா சொன்னாங்க. அதை இப்ப என்கிட்ட சொல்லுங்க பாக்கலாம்."

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. மாரத்தஹள்ளிப் பாலத்துக்கு வெகு முன்னாலேயே சண்டை உச்சத்துக்குப் போய்விட்டது.

போன வாரம் காபித் தோட்டக்காரர் வீடியோ அனுப்பினார். சிவப்புக் கார் மினுமினுக்கிறது. ஒயரிங் முழுக்கப் புதுசாம். டாஷ்போர்டும் புதுசு, குழி இல்லை. தனி ஆளாக உட்கார்ந்து சாவியைத் திருகுகிறார், கிளம்பிவிடுகிறது. கோமதி அதை ஒருமுறை பார்த்துவிட்டு, "நல்லா வெச்சிருக்காரு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஈஜிபுராவில் பாஷா பாய் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அவள் குத்துகிறாள், பிறகுதான் நான் அழுத்துகிறேன். ஆனால் புது டாஷ்போர்டு மெத்தை மாதிரி. எவ்வளவு ஓங்கிக் குத்தினாலும் சத்தம் வருவதில்லை. இன்ஜின் சத்தத்தையே ஸ்பீக்கரில் போடுகிறபோது எனக்கென்ன வெட்கம்? அவள் குத்தும்போது, "டொக்" என்று நான் வாயால் சொல்கிறேன்.

"லேட்டு" என்கிறாள் ஒவ்வொரு தடவையும்.