ரேடியேட்டர் கழுவிய ஞாயிறு

2015ஆம் ஆண்டு மே மாதம் பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு அப்பா காரின் பானெட்டைத் திறந்தார். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான் ரேடியேட்டரைத் தொட வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். அம்மாவின் தம்பியான அவர் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். அப்பாவை அவரும் மாமா என்றே அழைப்பார்.

திருவான்மியூரில் எங்கள் வீட்டுக் குழாயில் உப்புநீர்தான் வரும். குடிப்பதற்குக் கேன் தண்ணீர். ரேடியேட்டர் குடிப்பதில்லை என்பது அப்பாவின் வாதம்; அதற்கு எப்போதும் அந்தப் போர் தண்ணீரையே ஊற்றிவந்தார். அந்தக் கோடையில் கார் அடிக்கடி கொதித்தது. ஹீட்டரைப் போட்டால் எஞ்சினின் சூடு நம் பக்கம் வந்துவிடும், சூடு காட்டும் ஊசி இறங்கிவிடும் என்று அப்பா கண்டுபிடித்தார். ஆகவே மே மாத வெயிலில் ஹீட்டர் காற்று முகத்தில் அடிக்க அடையாறுக்குப் போய்வந்தோம். முன்னிருக்கையில் அமர்ந்து, ஊசி சிவப்புக் கோட்டை நெருங்குகிறதா என்று பார்த்துச் சொல்வது ஒன்பது வயதான என் பொறுப்பு.

மறுநாள் கிண்டியில் ஓர் அலுவலகத்தில் காரைக் காட்ட வேண்டும். ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேலை. கார் தேறினால் அப்பாவுக்கு மாதச் சம்பளம். தேறாவிட்டால் வேறு வழி எதுவும் எங்களுக்கு இல்லை. அம்மா வெள்ளைச் சீருடையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து ஆணியில் மாட்டியிருந்தாள்.

மாமா ரேடியேட்டரின் அடியிலிருந்த திருகாணியைக் கழற்றினார். செங்கல்லைக் கரைத்தது போன்ற நீர் வாளியில் கொட்டியது.

“இன்னா மாமா இது, ரேடியேட்டரா, மீன்கொயம்பு சட்டியா?”

“கயுவுடா மச்சான். பேசிக்கினே இருக்காத” என்று அப்பா சிரித்தார்.

ஹோஸைச் செருகிக் கழுவக் கழுவத் துரு வெளுத்து, நீர் தெளிந்தது. கடைசியாகக் குடிநீர்க் கேனையே கவிழ்த்து நிரப்பி, மூடியைத் திறந்துவைத்தபடி எஞ்சினை ஓடவிட்டார்கள். ரேடியேட்டரின் வாயில் குமிழிகள் கிளம்பின, நிற்காமல் கிளம்பின. நான் கைதட்டினேன். மாமா தட்டவில்லை. எஞ்சினை நிறுத்தி, ஆயில் மூடியைத் திருகி எடுத்தார். அதன் உட்புறம் பால் விட்ட காபியின் நிறத்தில் கொழகொழத்தது.

“ஆயில்ல தண்ணி பூந்துட்சு மாமா. எஞ்சினே போச்சு. இனிமே கயுவி இன்னா ஆவப்போவுது?”

“நாளைக்கு ஒரு நாள் ஓடுமாடா?”

“கிண்டி வரைக்கும்கூட தாங்காது.”

அப்பா ஹோஸை எடுத்து மறுபடியும் செருகினார். தெளிந்த நீர் உள்ளே போயிற்று, தெளிந்த நீரே வெளியே வந்தது. குழாயை மூடப்போன மாமாவை, வேண்டாம் என்று அம்மா கையசைத்துத் தடுத்தாள். இவ்வளவு சுத்தமானதை அப்பா ஏன் இன்னும் கழுவுகிறார் என்று அவளிடம் கேட்டேன்.

“நீ போய் பல்லு வெளக்கு, பாப்பா.”

மறுநாள் காலை சீருடை ஆணியிலேயே தொங்கியது. அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் காரில் ஏறி, என் இருக்கையில் அமர்ந்து, நெடுநேரம் ஊசியைக் கண்காணித்தேன். அது அசையவேயில்லை. உள்ளே ஓடி, அவர் தோளைத் தொட்டுச் சொன்னேன்:

“அப்பா, ஊசி ஏறவேயில்லப்பா.”