கோலத்துக்கு ஆதார் கார்டு

எங்கள் வீதிப் பொங்கல் விழா என்றாலே எனக்கு எரிச்சல் வரும். பந்தல் கட்ட, நாற்காலி தூக்க, மறுநாள் குப்பை அள்ள ஒடிசாக்காரர்கள் வேண்டும். போட்டி என்று வந்தால் மட்டும் அவர்கள் வெளியூர். கோயமுத்தூரில் எங்கள் கணபதி ஏரியாவில் பாதிப் பேர் வெளியூர்தான். நானே வால்பாறை எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வந்தவள்.

மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறையில் என்னோடு வேலை செய்கிற ஒடிசாப் பெண்ணுக்குக் கோலப் போட்டியில் சேர ஆசை. பக்கத்து வீட்டுக்காரி. அரிசியை ஊறவைத்து அரைத்து, அந்த மாவில் விரலைத் தொட்டு வாசலில் நெற்கதிரும் லட்சுமி பாதமும் வரைவாள். போட்டியன்று விடியும் முன்பே மாவு அரைத்துவிட்டாள். இருவரும் பேர் கொடுக்கப் போனோம்.

விழாத் தலைவர் அரிசி மண்டி வைத்திருப்பவர். அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்னிடம்தான் பேசினார். "தப்பா நெனைக்காதீங்க அம்மணி. இந்திக்காரங்களச் சேத்துனா ஆளுக பேசுவாங்க."

"அவ ஒடியாக்காரிங்க. இந்தி அவளுக்கும் அரகொறதான்."

"என்னமோ ஒண்ணு. ஆதார் கார்டுல இந்த வீதி அட்ரஸ் இருக்கோணும். அதுதான் ரூல்ஸ்."

அந்த ரூல்ஸ் அந்த நிமிஷம்தான் அவர் வாயில் பிறந்தது. உடனே மைக்கிலும் சொல்லிவிட்டார்.

அவள் கார்டை நீட்டினாள். மகளைப் பள்ளியில் சேர்த்தபோதே அட்ரஸ் மாற்றியிருந்தாள். எங்கள் வீதி, கதவு எண் வரை சரியாக இருந்தது. தலைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "எல்லாத்தோட கார்டையும் பாருங்க" என்றேன்.

பார்த்தார்கள். ஒருத்தி காங்கேயம், ஒருத்தி பொள்ளாச்சி. வருஷா வருஷம் முதல் பரிசு வாங்கும் தலைவர் மனைவியின் கார்டில் வெள்ளகோவில். மண்டியை இங்கே கொண்டுவந்து எட்டு வருஷமாகியும் மாற்ற நேரமில்லையாம்.

"அப்ப நானும் வெளியூர்க்காரிங்களா?" என்றார் அந்த அம்மா. "செரி, இனி மத்தியானச் சோத்துக்கு வெள்ளகோயிலுக்கே போயிட்டு வாங்க."

கூட்டம் சிரித்தது. தலைவர் மைக்கைப் பிடித்தார். "ஆதாரெல்லாம் வேண்டாமுங்க. எல்லாரும் வந்து கோலம் போடுங்க."

நான் அவரைப் பாராட்டப் போவதில்லை. சோற்றுக்குப் பயந்துதான் விட்டார். இடம் ஒதுக்கும்போது அவளைச் சாக்கடை ஓரமாகத் தள்ளினார்கள். நான் சேலையைச் செருகிக்கொண்டு தலைவரை நோக்கிக் கிளம்பினேன்.

அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். குத்தவைத்து உட்கார்ந்து, விரலை மாவில் முக்கினாள்.

"இருங்கக்கா. மொதல்ல கோலத்தப் போட்டுக்கறனுங்க. அப்பறம் ரெண்டு பேரும் சேந்து போய் சண்ட போடலாங்க."