விடையை அழித்த யசோதரா

செய்தி வந்தபோது நாங்கள் மாரிகுப்பம் ஸ்டேஷனில்தான் நின்றிருந்தோம். ரயில் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. யசோதராவின் தம்பி போனில், "அக்கா போய்ட்டாங்க" என்றார். எங்கே என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் புரிந்துவிட்டது. எங்களோடு தினமும் ரயிலேறும் தனபால் மாமா என் முகத்தைப் பார்த்ததுமே பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அன்று நாங்கள் யாரும் வேலைக்குப் போகவில்லை.

காலை ரயிலில் பெங்களூர் போய்வரும் உங்களுக்கு அவளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. என்னைவிடக் கொஞ்சம் சின்னவள். வாரப் பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்தைப் பரீட்சை அட்டையில் செருகிக்கொண்டு வருவாள். சாதாரணக் குறுக்கெழுத்து இல்லை. குறிப்பு ஒன்றைச் சொல்லும், விடை வேறெங்கோ ஒளிந்திருக்கும். அதை அவிழ்க்கிற வித்தையை, கட்டத்தையே பார்த்திராதவர்களுக்குச் சொல்லித்தருவதில் அவளுக்கு ஒரு பைத்தியம். புதிதாக வருகிறவருக்கு ஜன்னல் ஓரம், அவருக்குப் பக்கத்தில் இவள். எங்கள் பெட்டியில் அது சட்டம்.

என்னையும் அப்படித்தான் பிடித்து உட்கார வைத்தாள். "இதெல்லாம் வேலையத்த வேலை" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன். அவள் விடுகிற ஜாதியா? "ஒண்ணே ஒண்ணுதான், அக்கா" என்று படித்தாள்: 'விவசாயி தலை நுழைத்த கதை செய்யுளாகும்.' மூன்றெழுத்து. எந்த விவசாயி, என்ன கதை என்று எரிந்து விழுந்தேன்.

"அது மேல்மண்ணு, அக்கா. அதையே பாத்துக்கினு நின்னா இன்னா கிடைக்கும்? உள்ள எறங்குங்க" என்றாள்.

குறிப்பின் ஏதாவது ஒரு முனையில் விடைக்குப் பொருள் இருக்கும், மிச்சமெல்லாம் விடையைக் கட்டுகிற வழி என்றாள். இங்கே செய்யுள்தான் பொருள். விவசாயியின் தலை என்றால் முதல் எழுத்து, 'வி'. அது 'கதை'க்குள் நுழைந்தால்? "கவிதை!" என்று நான் கத்தியதில் எதிரே தூங்கியவர் பதறிப்போய் தன் பையைப் பிடித்துக்கொண்டார். என் ரயில் தூக்கம் அன்றோடு ஒழிந்தது.

தனபால் மாமா விஷயம் இன்னும் வேடிக்கை. எங்கள் ஊர்ப் பொற்சுரங்கத்தில் இறங்கியவர், சங்கத்தில் கொடி பிடித்தவர். மைன் மூடிய பிறகு பெங்களூரில் ஒரு அடுக்குமாடி வாசலில் காவல் வேலை. அவருக்கு அவள் படித்த குறிப்பு: 'சங்கத்துத் தலை மாறினால் பொன் கிடைக்கும்.' நான்கெழுத்து. மாமாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"இன்னாம்மா எழுதிகீறான்? எத்தன தலைவர மாத்தினோம்! பொன்னா வந்துச்சு? மைன இழுத்து மூடினாங்க!"

பெட்டியே அவர் கட்சியில் சேர்ந்துகொண்டது. ஒருவர் பழைய ஸ்டிரைக் கதையை எடுத்தார். குறுக்கெழுத்துக் குறிப்போடு தகராறு செய்ய எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும். யசோதரா சிரிக்கவில்லை. அவர் கொட்டித் தீர்க்கும்வரை கேட்டாள். பிறகு மெதுவாக, "நீங்க சொல்றது அத்தனையும் நெசம் மாமா. ஆனா இங்க தலைவரு இல்ல, தலை. சங்கம்னு எழுதினா அதுக்குத் தலை எது?" என்றாள்.

வண்டி கோரமண்டலைத் தாண்டியது. மாமா முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பங்காருபேட்டை நெருங்கும்போது, "ச போயி த வந்தா... தங்கம்!" என்றார். சற்றுப் பொறுத்து, "மைன் மூடினப்புறம் நான் எடுத்த மொத தங்கம் இதும்மா" என்றார். அவர் கண் கலங்கியதை அவள் பார்க்காதது மாதிரி அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மீது எனக்கு மதிப்பு வந்தது அந்த நிமிஷத்தில்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறார். விடையைச் சரியாக எழுதிவிட்டு, எப்படி வந்தது என்று கேட்டால் முழிக்கிறவர்களை விடமாட்டாள். ரப்பரை எடுத்து அழித்துவிடுவாள். "விடை எங்கியும் போவாது. வழிய சொல்லுங்க, பக்கத்துல கீறவங்களும் கூட வரட்டும்" என்பாள். முதலில் எல்லோருக்கும் கோபம் வரும். அப்புறம் பக்கத்தில் இருப்பவருக்கு நாமே வாய் ஓயாமல் விளக்கிக்கொண்டிருப்போம்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பாதி ஆளாகியிருந்தாள். வலியைப் பற்றிப் பேச்சே இல்லை. "நான் இல்லன்னா இந்த அட்டைய பரண்ல போட்டுடுவீங்க, எனக்குத் தெரியும்" என்றாள். அதெல்லாம் மாட்டோம் என்றேன். "சும்மா சொல்லாதீங்கக்கா. புதுசா ஒருத்தர் ஜன்னல் ஓரமா ஒக்காந்தாதான் நம்புவேன்." அட்டையையும் ரப்பரையும் என் பையில் திணித்துவிட்டாள். அவளுக்கு இருந்த பயமெல்லாம் அந்த ஒன்றுதான்.

அடக்கத்தன்று அவள் வீட்டுப் புத்தர் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தோம். மறுநாள் ரயிலில் நாங்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். அவள் இடத்தில் ஒரு சால்வையை விரித்தோம். ஜன்னல் ஓரத்தையும் சேர்த்து மூடினோம். அதுதான் மரியாதை என்று நினைப்பு. அட்டை பைக்குள்ளேயே கிடந்தது. கோரமண்டலில் லேப்டாப் பையோடு ஒரு பெண் ஏறி, "இங்க ஆளு வராங்களா?" என்றாள்.

"வராங்க" என்றார் மாமா.

அவள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. புதிதாக வந்தவளை நிற்க வைத்துவிட்டு யாருக்கு இடம் பிடித்துக்கொண்டிருக்கிறோம்? யசோதரா பார்த்திருந்தால் எங்கள் எல்லோரையும் எழுப்பிவிட்டு அவளை உட்கார வைத்திருப்பாள். சால்வையை மடித்தேன். "ஜன்னல் பக்கம் போம்மா" என்றேன். மாமா நகர்ந்து வழிவிட்டார். நான் அட்டையை வெளியே எடுத்தேன்.

"இது இன்னாக்கா கட்டம்?" என்றாள் அவள்.

விவசாயியின் கதையைத்தான் அவளுக்கும் படித்தேன். மேல்மண்ணைச் சொன்னேன், உள்ளே இறங்கச் சொன்னேன். அவள் சட்டென்று பென்சிலை வாங்கி 'கவிதை' என்று எழுதினாள்.

"எப்படி?"

"தெரியலக்கா. தோணுச்சு."

அட்டை பெட்டிக்கே பொது; யசோதராவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது பாதி தேய்ந்த அந்த ரப்பர்தான். அதை எடுத்து, அவள் எழுதிய சரியான விடையை அழித்தேன்.

"விடை எங்கியும் போவாது. வழிய சொல்லு."