மணி அடிக்கும் வரை

மதுரையில் மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போயிருந்தோம். தலைமையாசிரியை கேட்டார்: "எங்க ஸ்கூல்கிட்ட நீங்க என்ன எதிர்பார்க்குறீங்க?"

என் மனைவி அழகாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தன்னம்பிக்கை, ஒழுக்கம், ஆங்கிலம். வெளியே தூறல் விழத் தொடங்கியிருந்தது. மழை பெய்தால் எனக்கு யார் பேசுவதும் காதில் விழாது.

எங்கள் ஊர் எம். புதுப்பட்டிப் பக்கம். அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் குழாய்க்குள் மருந்து அடைக்கிற வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் கிளம்புவேன். சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும், முகம்கூடக் கழுவாமல், அவள் கேட்பது ஒரே கேள்விதான்.

"ஏலே, மணி அடிக்கிற வரைக்கும் அங்கனயே இருந்தியா?"

என்ன படித்தாய், எத்தனை மார்க்? ம்ஹூம். முதல் ரேங்க் எடுத்த அட்டையை நீட்டினால்கூடக் கையெழுத்தைப் போட்டுவிட்டு அதையேதான் கேட்பாள். பக்கத்து வீட்டில் மார்க் குறைந்ததற்குப் பிள்ளைகளை வெளுத்து வாங்குவார்கள். அடி வாங்கவும் ஒரு கொடுப்பினை வேண்டும் போல என்று நான் ஏங்கிக்கொண்டு நிற்பேன்.

பள்ளிக்கூடத்தை நினைத்தால் பாடம் எதுவும் ஞாபகத்துக்கு வருவதில்லை. சத்துணவு சாப்பிட்ட பிறகு வரும் கிறக்கம்தான் வருகிறது. ஓட்டுச் சந்து வழியே இறங்கிய வெயில் தரையில் மெல்ல நகரும். அதில் சாக்பீஸ் தூசி மிதக்கும். வாத்தியாரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். எங்கோ 'டம்' என்று ஒரு சத்தம். எழுதிக்கொண்டிருந்த அவர் கை கரும்பலகையில் அப்படியே நிற்கும். நாங்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்ப்போம். புகை இல்லை. கம்பெனியில் வெடியைப் போட்டுச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கை மறுபடி எழுதத் தொடங்கும்.

ஒரு பரீட்சையில் மழையின் பயன்கள் கேட்டிருந்தார்கள். 'மழை பெய்தால் அம்மா வீட்டில் இருப்பாள்' என்று எழுதினேன். மழையில் மருந்து காயாது, கம்பெனிக்கு லீவு. இது ஊருக்கே தெரியும். வாத்தியார் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்படி ஒரு மழைநாளில் அம்மா எழுந்திருக்காமல் படுத்துக் கிடந்தாள். நான் அவள் போர்வைக்குள் ஒண்டிக்கொண்டேன். அவள் தலைமுடியில் சீயக்காயையும் மீறி மருந்து வாசம். கூரைத் தகரத்தின் மேல் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு, "இன்னைக்குப் பள்ளிக்கூடம் போகலம்மா" என்றேன்.

"போக வேண்டாம்யா. இன்னைக்கு எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்ப மத்த நாளு மட்டும் எதுக்கு? நான் படிச்சேனான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

அவள் போர்வையை என் மேல் இழுத்துவிட்டாள்.

"மருந்து அடைக்கையில, நீ எங்கன சுத்துறியோன்னு ஒரு நெனப்பு வந்துச்சுன்னா கை நடுங்கும்லே. நீ அங்கன உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சா நடுங்காது. அம்புட்டுத்தான். வேற எதையும் கேக்க எனக்குத் தோணல."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். அவள் கை என் நெஞ்சின் மேல் கிடந்தது. நடுங்குகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்து நானும் தூங்கிப்போனேன். அதற்குப் பிறகு, வெயிலடித்த நாளில் காய்ச்சல் என்றாலும் நான் பள்ளிக்கூடம் போனேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே சார்?" தலைமையாசிரியை என் பக்கம் திரும்பியிருந்தார்.

"மணி அடிக்கிற வரைக்கும் இவன் இங்கேயே இருந்தா போதும் மேடம்" என்றேன். மனைவி என்னை முறைத்தாள்.

இடம் கிடைத்துவிட்டது. வெளியே வந்து, தாழ்வாரத்தில் நின்றபடி அம்மாவுக்குப் போன் செய்தேன். அவள் கம்பெனி வேலையை விட்டு நாளாயிற்று.

"சேத்தாச்சும்மா."

"சரிய்யா" என்றாள். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கியவள்போல மெதுவாகக் கேட்டாள்:

"ஏலே, அங்கன நல்லாச் சொல்லிக் குடுப்பாகளா?"

படிப்பைப் பற்றி அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.