மதீனா பீவியின் வெள்ளிக்கிழமைத் துணி

மதீனா பீவிக்கு நான் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். கைமாற்றாக வாங்கியது இல்லை. அந்தம்மா வண்டியை என் கையால் கெடுத்ததற்கு வந்த கடன்.

என்னைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெயர் பூதத்தான். படிப்பு மூணாங்கிளாஸ், அதுவும் முழுசாக இல்லை. குடியிருப்பது தாராவியில். மான்குர்த்தில் டிராம்பே ரோட்டை ஒட்டி எனக்குச் சொந்தமாக கேரேஜ் இருக்கிறது, எவன் உதவியும் இல்லாமல் வாங்கியது. லாரி கியர்பாக்ஸைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துக் கோர்ப்பேன். ஒரு தடவை பந்தயத்துக்குச் செய்தே காட்டியிருக்கிறேன். தோற்றுப்போய் பிரியாணி வாங்கிக் கொடுத்தவர்கள் செம்பூரில்தான் இருக்கிறார்கள், சந்தேகம் இருந்தால் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொல்வது எதற்கென்றால், அப்படிப்பட்ட என்னையே ஒரு தையல்கார அம்மா திருத்தினார் என்று சொல்லத்தான்.

மதீனா பீவிக்குச் சொந்த ஊர் கடையநல்லூர். தாராவியில் சட்டை தைக்கும் கார்கானாவில் இருபது வருஷம் மெஷின் மிதித்தவர். புருஷன் நசீர் கச்சரா வண்டி டிரைவர். நல்ல மனுஷன், சத்தமே வராது. ஏலத்தில் பழைய கச்சரா லாரி ஒன்று வந்தபோது, இருந்ததையெல்லாம் போட்டு அதை எடுத்தார். குப்பையை அமுக்கி உள்ளே தள்ளுகிற வண்டி, ஆட்டோமேட்டிக் கியர். குப்பை வண்டி ஐம்பது அடிக்கு ஒரு தடவை நின்று நகர வேண்டும். கிளட்ச் மிதித்தே டிரைவருக்கு முட்டி கழன்றுவிடும். அதனால்தான் அதில் கிளட்சே கிடையாது, கியர் தானாக மாறும்.

அந்தப் பாக்ஸுக்கு உயிரே எண்ணெய்தான். கியரை மாற்றுவதும் எண்ணெயின் அழுத்தம், சூட்டைத் தணிப்பதும் எண்ணெய். புதுசாக ஊற்றும்போது மாதுளைச்சாறு மாதிரி சிவப்பாக இருக்கும். உள்ளே ஏதாவது கெட்டால் முதலில் நிறம் மாறும், பிறகு வாசம் மாறும், அதற்கப்புறம்தான் வண்டி நிற்கும்.

நசீர் வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை முடிந்து வந்ததும் அந்த எண்ணெயைப் பார்ப்பார். காலை ரவுண்டு முடிந்து வண்டி சூடாக நிற்கும் நேரம் அது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, கியர் லீவரை எல்லா இடத்துக்கும் ஒரு முறை தள்ளி நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் அளவுக் கம்பியை உருவ வேண்டும். ஆறின வண்டியில் பார்த்தால் அளவு பொய் சொல்லும். கம்பியைத் துடைக்க கார்கானாவில் மிஞ்சுகிற வெள்ளைக் கத்ரன் துணியை மதீனா பீவி கொண்டுவருவார். துடைத்த துணியைத் தூக்கிப் போடமாட்டார். மூலையில் தேதி எழுதி, கடைகளில் பில் குத்தி வைப்பார்களே, அது மாதிரி ஒரு கம்பியில் குத்தி வைப்பார். வாரத்துக்கு ஒரு துணி, ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பொட்டு.

பெரிய நோய் வந்த வருஷம் நசீர் போய்விட்டார். வண்டியை விற்கச் சொல்லி எல்லோரும் வந்தார்கள். நானும்தான் போய்ச் சொன்னேன், ஒளிப்பானேன்.

"விக்கவா? அதுக்கு நீங்க துக்கம் கேக்க வந்தீகளா, வண்டி கேக்க வந்தீகளா அண்ணாச்சி?" என்று கேட்டார். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜம்பு என்று ஒரு டிரைவரைப் போட்டார். தாராவியிலேயே பிறந்தவன், பேசுவது தமிழ், படிப்பது இந்தி. ஐரோலியில் ஆபீஸ்களுக்குக் குப்பை எடுக்கும் கண்டிராக்ட் ஒன்றில் வண்டி ஓடியது. வெள்ளிக்கிழமைத் துணி மட்டும் நிற்கவே இல்லை. பஸ் பிடித்து, வண்டி நிற்கிற மான்குர்த்துக்கு வந்து, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கம்பியை அவரே உருவுவார்.

2021, மழை முடிந்த சமயம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐரோலியில் வண்டி நின்றுவிட்டது. ஜம்பு எனக்கு போன் போட்டான். போய்ப் பார்த்தால் செல்ப் மோட்டார் எரிந்து கிடக்கிறது. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. நான் என்ன செய்தேன்? பக்கத்துக் கடைகளிலிருந்து ஆறு பேரைக் கூட்டிவந்து வண்டியைத் தள்ளச் சொன்னேன்! கால் மணி நேரம் தள்ளினார்கள். ஜம்பு மதீனா பீவிக்கு போன் போட்டு என் காதில் வைத்தான்.

"அண்ணாச்சி, ஆட்டோமேட்டிக் வண்டி தள்ளினா எடுக்காதாமே. அவுக சொல்லுவாக."

"ஏம்மா, நாப்பது வருஷமா எத்தனை வண்டியத் தள்ளியிருப்பேன்!"

"அதெல்லாம் கிளட்ச் வண்டி. நான் பஸ் ஏறிட்டேன். நான் வர்ற வரைக்கும் வண்டிய நகத்தாதீக."

நான் நகர்த்தினேன். டிராபிக் போலீஸ் கத்துகிறான், ஒரு பெண்பிள்ளை எனக்கு வேலை சொல்வதா என்று எனக்கும் ஏறிவிட்டது. இன்னொரு லாரியைக் கொண்டுவந்து இரும்பு ராடு மாட்டினேன். அப்போது ஜம்பு கதவைத் திறந்து உள்பக்கம் காட்டினான். பெயின்ட்டில் தமிழில் ஏதோ எழுதியிருந்தது.

"அங்கிள், இது என்ன எழுதிருக்கு? நசீர் பாய் எழுதுனது."

மூணாங்கிளாஸ் ஆனாலும் நான் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். 'வண்டியை இழுக்கும் முன் பின் ஷாப்டைக் கழற்று' என்று எழுதியிருந்தது. படித்தேன். நன்றாகவே படித்தேன்.

"ஒண்ணுமில்ல, ஏறு" என்றேன்.

ஷாப்டைக் கழற்ற வேண்டுமானால் அந்த ரோட்டில் குப்பைத் தண்ணீர் வடிகிற வண்டிக்கடியில் படுக்க வேண்டும். நியூட்ரலில்தானே இழுக்கிறோம், என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். கிளட்ச் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. ஆட்டோமேட்டிக்கில் எஞ்சின் ஓடினால்தான் எண்ணெய் பம்ப் சுற்றும். எஞ்சின் செத்துக் கிடக்கும்போது, ரோட்டில் உருளுகிற சக்கரம் அந்த ஷாப்ட் வழியாகப் பாக்ஸின் உள்பாகத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு சொட்டு எண்ணெய் மேலே ஏறாது. வாஷி பாலம் தாண்டி மான்குர்த் வரை அப்படித்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் பாட்டு வேறு போட்டிருந்தேன்.

மறுநாள் புது செல்ப் மோட்டார் மாட்டினேன். எஞ்சின் ஒரே திருப்பில் எடுத்தது. கியரில் போட்டால் வண்டி முனகுகிறது, நகரவில்லை.

மதீனா பீவி முந்தின நாள் ஐரோலிக்குப் போய் வெறும் ரோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். அன்றைக்கு கேரேஜுக்கு வந்தார்.

"பழைய பாக்ஸ் தாயி, வயசாயிட்டு" என்றேன்.

அவர் எஞ்சினை ஓடவிடச் சொல்லி, கம்பியை உருவி, துணியில் துடைத்தார். மூக்குப் பக்கம் கொண்டுபோனார். பிறகு பையிலிருந்து போன வெள்ளிக்கிழமைத் துணியை எடுத்து, இரண்டையும் என் மேஜைமேல் விரித்தார். ஒன்றில் சிவப்புப் பொட்டு. இன்னொன்றில் கறுப்பு, அதில் மினுமினுவென்று இரும்புப் பொடி. தீய்ந்த வாடை எனக்கே அடித்தது.

"அஞ்சு நாள்ல வயசாயிட்டோ?" என்றார்.

ஜம்பு தரையைப் பார்த்தான். என் கேரேஜில் அன்றைக்கு ஐந்து பேர் வேலை செய்தார்கள். ஐந்து ஸ்பானரும் நின்றுவிட்டன.

"ஷாப்டக் கழட்டுனீகளா அண்ணாச்சி?"

"இல்ல."

"கதவுல எழுதியிருந்ததே. ஜம்புக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நீங்க பாக்கலயா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் செத்துப்போன மனுஷன் கையெழுத்து அது.

"படிச்சேன் தாயி. படிச்சிட்டுத்தான் இழுத்தேன்."

அவர் முகம் மாறியது. சத்தம் போடுவார் என்று நினைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார், குடித்தார். "கண்டிராக்டர் பத்து நாள்தான் பொறுப்பான். பதினோராவது நாள் வேற வண்டி போட்டுருவான். எனக்கு இருக்கது இந்த ஒரு வண்டிதான்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

எனக்கு ஆட்டோமேட்டிக் பாக்ஸைத் திறக்கத் தெரியாது. இதை எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. கல்யாணில் காசிம் என்று ஒருவர், எனக்குப் பத்து வயது இளையவர், தீயணைப்பு வண்டிகளின் பாக்ஸைப் பிரித்துப் பழகியவர். அவரிடம் பாக்ஸைக் கொண்டுபோனேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணாச்சி, நீங்க டார்ச் மட்டும் பிடிங்க. எதையும் தொடாதீங்க." எட்டு நாள் டார்ச் பிடித்தேன். பூதத்தான் டார்ச் பிடித்தான் என்று கல்யாண் முழுக்கச் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும். ஒவ்வொரு பிளேட்டும் எங்கே போகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மனசில் ஏற்றிக்கொண்டேன். மூணாங்கிளாஸில் வாத்தியார் இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் நான் கலெக்டர்.

சாமான்களுக்கு மட்டும் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ஆனது. அந்த நேரம் என் கையில் இல்லை, மகள் கல்யாணத்தில் துடைத்துப் போயிருந்தது. மதீனா பீவி கல்யாணில் சின்ன ரூம் ஒன்றுக்கு டெபாசிட் கொடுக்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் காசிம் கையில் கொடுத்தார். ஒன்பதாம் நாள் மத்தியானம் பாக்ஸ் ஏறியது. பத்தாம் நாள் காலை வண்டி ஐரோலியில் நின்றது. குப்பை எடுத்தது. நான் கூடவே போய் வாசலில் நின்று பார்த்தேன், ஏதோ என் வீட்டு மாப்பிள்ளை ஊர்வலம் போகிற மாதிரி.

"பணத்த மாசாமாசம் தந்துருதேன் தாயி" என்றேன்.

"வேண்டாம். பணம் குடுத்தா நீங்க மறந்துருவீக. வேலையாக் கழிங்க. வெள்ளிக்கிழமை எண்ணெய் பாக்க நானூறு. மத்த வேலைக்கு அதுக்குத் தக்கன. நான் பக்கத்துல நிப்பேன்."

"நானூறா? என் கைக்கு நானூறா?"

"இழுத்த கைக்கு இது ஜாஸ்தி."

மூன்று வருஷத்துக்கு மேல் அப்படித்தான் நடந்தது. சமதளம், ஹேண்ட்பிரேக், எஞ்சின், லீவர், கம்பி, துணி. அவர் என் தோளுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பார். அவசரப்பட்டு லீவரை ஒரு இடம் தவறவிட்டால், "அண்ணாச்சி, ரிவர்சு" என்று சத்தம் வரும். பில்டர் மாற்றும் நாளில் சம்சா கொண்டுவருவார். ஒரு வெள்ளிக்கிழமை துணியைப் பார்த்துவிட்டு, "நிறம் சரி, வாசம் சரியில்ல" என்றார். நான் மோந்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"உங்களுக்கு மூக்கா, இல்ல மெஷினா?"

"இருபது வருஷம் இஸ்திரிப் பெட்டி பக்கத்துல உக்காந்தவ நான். துணி தீயதுக்கு முந்தியே எனக்குத் தெரியும்."

கீழே படுத்துப் பார்த்தேன். எண்ணெயைக் குளிர வைக்கிற ரேடியேட்டர் முன்னால் பிளாஸ்டிக் பையும் தலைமுடியும் கல் மாதிரி அடைத்துக் கிடந்தது. காற்றே போகவில்லை, எண்ணெய் வேகத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் மறுபடி கல்யாண், மறுபடி டார்ச். சுத்தம் பண்ணி, எண்ணெயும் மாற்றினேன்.

இன்றைக்கு டிராம்பேயிலிருந்து ஐரோலி வரை ஆட்டோமேட்டிக் லாரி என்றால் பூதத்தான் என்கிறார்கள். காசிமே சந்தேகம் வந்தால் எனக்குப் போன் போடுகிறார். இது பெருமைக்குச் சொல்வதில்லை, நடப்பதைச் சொல்கிறேன். என் கேரேஜிலும் சுவரில் வெள்ளைத் துணி குத்துகிற கம்பி இருக்கிறது. எங்கே படித்தீர்கள் என்று ஒரு கம்பெனி என்ஜினியர் கேட்டார். தாராவி கார்கானாவில் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

போன தை மாதம். கடன் முடிகிற வெள்ளிக்கிழமை என்று என் மனக்கணக்கு சொன்னது. கடன் தீர்ந்தால் நிம்மதிதானே வரவேண்டும்? எனக்கு வேறு யோசனை. இனிமேல் இந்தம்மா வண்டியை என்னிடம் எதற்குக் கொண்டுவர வேண்டும்? என்னை நம்பி வந்ததில்லையே, கடனுக்காக வந்தது. பாதி விலைக்கு எண்ணெய் பார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அன்றைக்கு எல்லாவற்றையும் மெதுவாகச் செய்தேன். எதையும் தவறவிடவில்லை. கம்பியை உருவித் துடைத்துத் துணியை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மோந்தார், தேதி எழுதி மடித்துப் பைக்குள் வைத்தார்.

"சரி தாயி. இன்னையோட கணக்கு தீந்துட்டு. ஏதும் தப்பு நடந்திருந்தா..."

"போன வாரத்தோட தீந்துட்டு" என்றார். "நீங்க படிச்சது மூணாங்கிளாஸ், நான் அஞ்சாங்கிளாஸ். கையக் கொண்டாங்க."

"கையா? எண்ணெயா இருக்கு."

"எண்ணெய்க் கைதான் வேணும். நீட்டுங்க."

நீட்டினேன். நாற்பது வருஷத்தில் எத்தனையோ பேரிடம் கூலி வாங்கியிருக்கிறேன், பேரம் பேசி, சண்டை போட்டு, லட்சக் கணக்கில். பேரம் பேசாமல் கை நீட்டியது அன்றைக்குத்தான்.

"இது இந்த வாரத்துக் கூலி. அடுத்த வெள்ளிக்கிழமை நான் வர அஞ்சு நிமிஷம் பிந்தினாலும் நீங்களே பாத்து வைங்க. துணி மட்டும் எனக்கு வேணும்."

"நீங்க பக்கத்துல நிக்க வேண்டாமா?"

"வேண்டாம். ரேட்ட மட்டும் ஏத்திராதீக."

ஜம்பு வண்டியில் உட்கார்ந்து சிரித்தான். மதீனா பீவி மடித்த நூறு ரூபாய் நோட்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்து எண்ணினார். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.